பாப்பா கல்யாணம் – பாசிக்குடா வேன்

நுவரெலியா பெரியம்மா: கார்டில் "செமி ஃபார்மல்" என்று போட்டிருக்கிறதே, அது என்ன உடுப்பு? பட்டு கட்டலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்கள்

ஹட்டன் மாமா: கட்டலாம்

கொழும்பு தம்பி: கோட்டு தேவையில்லை பெரியம்மா, டீ-சர்ட்டும் கூடாது. இரண்டுக்கும் நடுவில்

ஹட்டன் மாமா: நான் வேட்டிதான்

செங்கலடி அத்தை: அண்ணி, காலையில் கோயிலில் தாலி கட்டும்போது பட்டு சரி, உள்ளே நிழல் இருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும். பின்னேரம் 4 மணிக்குக் கடற்கரையில் நடக்கும் நிகழ்ச்சிதான் பிரச்சினை. நீங்கள் இருப்பது 6,000 அடிக்கு மேலே, ஆவணியில் அங்கே மழையும் குளிரும். அதே நேரம் இங்கே கச்சான் அடிக்கும். அங்கே மழையைக் கொட்டிவிட்டு மலையிறங்கிக் காய்ந்து சூடாகி வருகிறது, முகத்தில் அடுப்பு அனல் அடித்த மாதிரி இருக்கும். அப்புறம் இன்னொன்று, இது கிழக்குக் கரை, சூரியன் கடலுக்குள் இறங்காது, கடலைப் பார்த்து உட்கார்ந்தால் பின்னேர வெயில் முழுக்க நம் முதுகில்தான். ஜாக்கெட் நனைந்துவிடும்

ராகலை சித்தப்பா: கச்சான் நான் வாங்கி வருகிறேன். 2 கிலோ போதுமா

செங்கலடி அத்தை: அது காற்று தம்பி, தின்கிற நிலக்கடலை இல்லை!!

ராகலை சித்தப்பா: ஓ. சரி. எப்படியும் வாங்குகிறேன், பயணத்துக்கு ஆகும்

கொழும்பு தம்பி: அவித்தது

ஹட்டன் மாமா: வறுத்தது

நுவரெலியா பெரியம்மா: வியர்வை பட்டால் பட்டு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2014-ல் என் அரக்குச் சேலையை இரவல் கொண்டுபோனவர்கள் இடுப்புப் பக்கம் உப்புக்கறையோடுதான் கொண்டுவந்து தந்தார்கள்

பதுளை சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஹட்டன் மாமா: ஏன் நீக்கினீர்கள்

பதுளை சித்தி: அக்கா அதற்கு நான் அப்போதே மன்னிப்புக் கேட்டேன். கழுவக் கொடுத்த காசும் தந்தேன்

நுவரெலியா பெரியம்மா: காசா கேட்டேன். அது எங்கள் அம்மா கடைசியாக எடுத்துத் தந்த சேலை

கொழும்பு தம்பி: வேன் எத்தனை மணிக்கு?

ராகலை சித்தப்பா: 9 என்றேன், டிரைவர் 11 என்கிறார்

செங்கலடி அத்தை: பின்னேரத்துக்குக் கொட்டன் சேலைதான் நல்லது, மெல்லிய கைத்தறி என்றால் இன்னும் நல்லது, மருதமுனைக் கைத்தறி கட்டிப் பாருங்கள், கரை போட்டதாக எடுத்தால் கல்யாணத்துக்கு எந்தக் குறையும் இல்லை. கடையில் ஜார்ஜெட் லேசாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், பாதிக்கு மேல் பாலியெஸ்டர், காற்றே உள்ளே போகாது. கொசுவத்துக்கும் முந்தானைக்கும் ஊக்கு நிறைய கொண்டுவாருங்கள், இந்தக் காற்றில் முந்தானை பக்கத்து வரிசைக்காரர் முகத்தில் போய் விழும். பிள்ளைகள் ஹீல்ஸ் போட வேண்டாம், மணலில் புதையும், தட்டைச் செருப்புப் போதும். மாமாவும் வேட்டிக்கு பெல்ட் போட வேண்டும்

ஹட்டன் மாமா: போடுகிறேன்

ஹட்டன் அக்கா: அப்பா பெல்ட் போட மாட்டார் அத்தை. ஒட்டு வேட்டி வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் கட்ட மாட்டேன் என்கிறார்

கொழும்பு தம்பி: எனக்கு லினன் சட்டை, லோங்ஸ். கசங்கினால் பரவாயில்லையா

செங்கலடி அத்தை: கசங்கட்டும். யாரும் வீட்டிலிருந்தே உடுத்திக்கொண்டு வர வேண்டாம், ஸ்வெட்டரோடு ஏறுங்கள், இங்கே குளித்து மாற்றலாம்

ராகலை சித்தப்பா: 14 பேருக்கும் ஒரு பாத்ரூமா

செங்கலடி அத்தை: கிணறு இருக்கிறது

ஹட்டன் அக்கா: பசறை, லுணுகலை வளைவில் சின்னவன் வாந்தி எடுப்பான், முன் சீட் எங்களுக்கு

ராகலை சித்தப்பா: முன் சீட் பெரியப்பாவுக்கு. முழங்கால் மடக்க முடியாது அவருக்கு

ஹட்டன் அக்கா: போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள்

நுவரெலியா பெரியம்மா: காலையில் நான் அரக்குதான் கட்டுவேன். கறையை உள்மடிப்பில் விட்டுக் கட்டலாம். பின்னேரத்துக்குக் கட்ட என்னிடம் கொட்டன் இல்லை, குளிர் ஊரில் யார் வாங்கி வைக்கிறார்கள்

பதுளை சித்தி: என்னிடம் இரண்டு இருக்கிறது அக்கா. ஒன்று இன்னும் மடிப்புக் கலைக்கவில்லை. பதுளையில் ஏறும்போது எடுத்து வருகிறேன்

பதுளை சித்தி: அக்கா?

நுவரெலியா பெரியம்மா: என்ன நிறம்

பதுளை சித்தி: (படம்)

ராகலை சித்தப்பா: 9-ஆ 11-ஆ, டிரைவருக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும்

ஹட்டன் மாமா: வறுத்தது மட்டும் வாங்குங்கள்