செம்பனை எண்ணெய் கொடுத்துப் போர் விமானம் வாங்கினோமா?

பீடோங் லோரிக்காரன்:
வணக்கம். இருபத்திரண்டு வருசமா தோட்டத்துலேர்ந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்துறேன். சனிக்கிழமை எடைமேடை வரிசையில நிக்கறப்ப பட்டர்வொர்த் பக்கமிருந்து ரெண்டு ஜெட் காதைப் பொளந்துகிட்டுப் போச்சு. கூட வந்த மகன், படிவம் ஐந்து, "நம்ம எண்ணெயைக் கொடுத்துத்தான் ரஷ்யாகிட்ட விமானம் வாங்கினாங்களாம்பா, சார் சொன்னாரு"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கழுத்து ஒடிய அண்ணாந்து பார்த்துத்தான் குலை வெட்டறாங்க. உதிரிப் பழத்தை ஒவ்வொண்ணா பொறுக்கிக் கோணியில போடறாங்க. அதுவா விமானமாச்சு? அப்ப ரஷ்யா நமக்கு நட்பு நாடா, கடைக்காரரா? பிரிட்டன், ஆஸ்திரேலியாவோட ஒப்பந்தம் இருக்காமே, சண்டைன்னா வருவாங்களா? பையனுக்குச் சரியான பதில் சொல்லணும்.

பட்டர்வொர்த் பழைய ஸ்டோர்காரர்:
தம்பி, ஆசிரியர் சொன்னது உண்மை. 1990கள்ல வந்த 18 மிக்-29க்கும், 2003ல ஒப்பந்தம் போட்ட 18 சுகோய்-30க்கும் விலையில ஒரு பங்கு செம்பனை எண்ணெய்தான். 2007 அக்டோபர்ல நம்ம முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் விண்வெளிக்குப் போனதும் அந்த சுகோய் வியாபாரத்தோட சேர்ந்து வந்ததுதான். சோவியத் உடைஞ்சப்புறம் அவங்க தொழிற்சாலைக்கு ஆர்டர் வேணும், நமக்கு எண்ணெய் வாங்க ஆள் வேணும். பாசம் எங்கேயும் இல்ல.

நான் ஆகாயப்படை ஸ்டோர்ல முப்பது வருசம் இருந்தவன். விமானம் வர்ற அன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அப்புறம் உதிரிபாகம் வேணும்னா விற்றவன் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும். ஒரு ரப்பர் வளையம் வரலேன்னு விமானம் மாசக்கணக்கா கொட்டகையில நின்னதைக் கண்ணால பார்த்தவன் நான். அமெரிக்காகிட்ட வாங்கின 8 ஹார்னெட் போர் விமானமும் அப்படித்தான்: மென்பொருளை நாமளே மாத்தறதுக்கு வேண்டிய மூல நிரலை அவங்க தரலேன்னு நம்ம முன்னாள் பிரதமர் மகாதீரே வெளிப்படையா குறைப்பட்டார். ஒப்பந்தத் தாள்ல என்ன எழுதியிருந்தாலும், உதிரிபாகம் யார் கையிலயோ லகான் அவங்க கையில.

சுங்கை சிப்புட் டீச்சர்:
ஐயா சொன்னதோட கிளந்தான்ல இருக்கிற பெர்காவ் அணையையும் சேர்த்துக்குங்க, அண்ணா. 1988ல பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டார். மலேசியா ஆயுதம் வாங்கினா, அந்தத் தொகைக்கு ஏத்த மாதிரி உதவிப்பணம் வரும்னு அதுல கணக்கே இருந்துச்சு. அந்த அணைக்கு 234 மில்லியன் பவுன். அணை பொருளாதார ரீதியா தேறாதுன்னு அவங்க அதிகாரிங்களே எச்சரிச்சும் கொடுத்தாங்க. 1994ல லண்டன் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டவிரோதம்னு தீர்ப்புச் சொன்னது. ஏழை நாட்டுக்குன்னு ஒதுக்கின பணம் அது. பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

நீங்க கேட்ட ஒப்பந்தம் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து 1971ல போட்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு. தாக்குதல் வந்தா உடனே கலந்து பேசணும்னுதான் அதுல இருக்கு. படை அனுப்பியே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

கூலிம் தம்பி:
டீச்சர், 1963லேர்ந்து 1966 வரைக்கும் இந்தோனேசியாவோட மோதல் நடந்தப்ப பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சிப்பாய்ங்க போர்னியோ காட்டுல வந்து சண்டை போட்டாங்களே. அதை மறக்கக்கூடாது.

சுங்கை சிப்புட் டீச்சர்:
மறக்கல தம்பி. செத்தவங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா அப்ப பெரிய ரப்பர் தோட்டம் நிறைய யாரோடதுன்னு உங்க தாத்தாவைக் கேளுங்க. பிரிட்டிஷ்காரங்களோடது. சிங்கப்பூர் கடற்படைத் தளமும் அவங்களோடதுதான். 2021ல பிரான்ஸுக்கு நடந்ததைப் பாருங்க. ஆஸ்திரேலியா அவங்க நீர்மூழ்கி ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டு அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் போயிடுச்சு. கோபத்துல பிரான்ஸ் ரெண்டு தூதரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. எல்லாரும் கூட்டாளிங்கதான்.

பீடோங் லோரிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பையன்கிட்ட படிச்சுக் காட்டினேன். ஸ்டோர் அண்ணே, அந்த ரப்பர் வளையம் எவ்வளவு பெரிசுன்னு கேக்கறான்.

பட்டர்வொர்த் பழைய ஸ்டோர்காரர்:
என் சுண்டுவிரல் மோதிரம் அளவு, தம்பி.