பார்லிமென்ட் பெரியதா, கோர்ட் பெரியதா? நடுவில் கூடலூர் எங்கிருந்து வந்தது?

கோத்தகிரி_குரூப்2:
குரூப் 2 பரீட்சைக்குப் படிப்பதில் மூன்று நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் ஆர்ட்டிகிள் 368 படி பார்லிமென்டுக்கு இருக்கிறது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும், சில விஷயங்களுக்குப் பாதி மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். அதுவரை புரிகிறது. அடுத்த பக்கத்தில் சுப்ரீம் கோர்ட்டின் 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு வருகிறது, என்ன திருத்தினாலும் அடிப்படைக் கட்டமைப்பில், அதாவது அரசமைப்பின் ஆதாரமான அம்சங்களில், கை வைக்கக் கூடாது என்று. முகப்புரையில் தொடங்கி அட்டவணை வரைக்கும் தேடிவிட்டேன், அந்தச் சொல்லே எங்கும் இல்லை. எழுதாத ஒன்றைக் காட்டி எழுதினதை எப்படி ரத்து செய்கிறார்கள்?

அப்புறம் ஒன்பதாவது அட்டவணைப் பாடத்தில் ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கு, எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு, பக்கத்தில் கூடலூர் என்று போட்டிருக்கிறது. நம்ம நீலகிரிக் கூடலூரா? (மழையில் நெட் விட்டுவிட்டுத்தான் வருகிறது, பதில் போட லேட்டானால் கோபிக்காதீர்கள்.)

தேவாலா_மழை:
நம்ம கூடலூரேதான் தம்பி. இங்கே மலை முழுக்க ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்மம் நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம், எஸ்டேட்காரர்கள் அவர்களிடம் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை போட்டார்கள். அதை ஒழிக்க 1969இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. அதிலே குத்தகை எஸ்டேட்டுகளைப் பற்றிச் சொல்வதுதான் செக்‌ஷன் 17. கூடலூர், பந்தலூர் பக்கம் யாரிடமாவது "செக்‌ஷன் 17" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், ஒரு டீ ஆறும் வரைக்கும் பேசுவார்கள். எங்கள் அப்பா வெள்ளைப் பேப்பரில் எழுதி வாங்கின முக்கால் ஏக்கரும் அதில்தான் வருகிறது. பட்டா கேட்டுப் போனால் "கேஸ் இருக்கு" என்ற ஒரே பதில், பட்டா இல்லாததால் கரண்ட் கிடையாது, நான் பத்தாவது வரை மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது, அது நிலச் சீர்திருத்தத்தில் சேராது என்று 1972இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 1974இல் 34ஆவது திருத்தம் கொண்டுவந்து முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள். அந்த அட்டவணை 1951இல் முதல் திருத்தத்தில் வந்தது, ஜமீன் ஒழிப்பு மாதிரிச் சட்டங்களைக் கோர்ட்டில் மாட்டாமல் காப்பாற்றத்தான். ஆரம்பத்தில் 13 சட்டம், இன்றைக்கு 280க்கு மேல்! அதில் வைத்துவிட்டால் எதையும் கேட்கவே முடியாதா என்ற கேள்விக்குத்தான் 2007 ஜனவரி 11இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்கு, அதாவது கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாளுக்கு, அப்புறம் உள்ளே போன சட்டம் எதுவானாலும் அடிப்படைக் கட்டமைப்பைக் கெடுக்கிறதா என்று பார்ப்போம்.

எழுதாததை வைத்து எப்படி என்றால், நாங்கள் தோட்டத்தில் பார்ப்பதுதான். கவாத்து வெட்டச் சொன்னால் செடியை முழங்கால் உயரத்துக்குக் கூட வெட்டலாம், பார்ப்பவனுக்கு மொட்டையாகத்தான் தெரியும், ஆனால் மறுபடி துளிர்க்கும். தூரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு "கவாத்துதானே சொன்னீர்கள்" என்றால் கங்காணி விடுவாரா? 368 கொடுத்தது திருத்தும் அதிகாரம், அந்தச் சொல்லுக்குள்ளேயே அளவு இருக்கிறது என்றுதான் தீர்ப்பு போகிறது.

குன்னூர்_பழைய_பஸ்:
கவாத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எது கிளை எது தூர் என்று யார் சொல்வது? 1973இல் 13 நீதிபதிகளில் 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். அந்த ஏழு பேரும்கூட ஒரே பட்டியல் கொடுக்கவில்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பாத ஆட்கள் அவர்கள். நம் ஊரில் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் 1994இல் அதே ஒன்பதாவது அட்டவணைக்குத்தான் போனது, 2007 தீர்ப்புக்கு அப்புறம் அதன் தலைக்கு மேலும் கத்திதான். அடிப்படைக் கட்டமைப்பு என்றதும் கை தட்டுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஊட்டி_ரிட்டயர்டு:
குன்னூர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்தப் பட்டியல் இன்று வரை வழக்குக்கு வழக்கு வளர்கிறது. ஆனால் மறுபக்கம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1975இல் அவசரநிலை நடக்கும்போது 39ஆவது திருத்தம் கொண்டுவந்து பிரதமரின் தேர்தலைக் கோர்ட்டே விசாரிக்கக் கூடாது என்றார்கள். 1976இல் 42ஆவது திருத்தம், பார்லிமென்டின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாது என்று 368க்குள்ளேயே எழுதிவைத்தார்கள். இதை 1980 மினர்வா மில்ஸ் வழக்கில் தள்ளினார்கள். எல்லையோடு கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு அந்த எல்லையையே அழிக்க முடியாது, அவ்வளவுதான் வாதம். மாநிலங்களுக்கும் இதில் பங்குண்டு. 1976, 1980, 1991 என்று சென்னையில் ஆட்சியைக் கலைத்தார்கள், கேட்க நாதியில்லை. கூட்டாட்சியும் அடிப்படைக் கட்டமைப்பு என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் வந்த பிறகுதான், மாநில ஆட்சியைக் கலைக்கும் ஆர்ட்டிகிள் 356ஐ எடுக்கக் கை நடுங்க ஆரம்பித்தது.

தம்பிக்கு: பார்லிமென்டா கோர்ட்டா என்று கேட்டீர்கள். இரண்டுக்குமே அதிகாரம் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான், அதன் முதல் வரி "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. பரீட்சைக்கு ஒன்று, கோயல்ஹோ தீர்ப்பில் கூடலூர்ச் சட்டம் ரத்தானது என்று எழுதிவிடாதீர்கள், நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஒன்பது பேர் கொள்கையை மட்டும் சொல்லிவிட்டு வழக்கை மூன்று நீதிபதிகளுக்கு அனுப்பினார்கள்.

தேவாலா_மழை:
அதோடு 1995இல் கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டுவதை எதிர்த்துக் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கும் இருக்கிறது, காடு என்றால் என்ன என்று நாடு முழுக்க மாற்றின வழக்கு. கேள்வி வரலாம்.

கோத்தகிரி_குரூப்2:
கவாத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சைத் தாளில் எழுதமாட்டேன். அண்ணா, பட்டா வந்துவிட்டதா?

தேவாலா_மழை:
கரண்ட் வந்துவிட்டது.