பெல்லட் அடுப்பு பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது, ஃபேன் மட்டும் சுற்றுகிறது: உதவுங்கள்

மாடிச்சமையல்:

வணக்கம். வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டுப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். இரண்டு வருடமாகப் பெல்லட் அடுப்புதான். உருளை மாதிரி இருக்கும், வாய் மேலே. ஒன்றரை கிலோ பெல்லட், அதாவது தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்ன விறகுத் துண்டுகள், கொட்டி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். கீழே பக்கவாட்டில் சின்ன ஃபேன், அதற்கு 12 வோல்ட் அடாப்டர், வேகம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ஒரு தடவை நிரப்பினால் ஒரு மணி நேரம் புகையே இல்லாமல் நின்று எரியும்.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. அதற்கப்புறம் அடுப்பு சரியில்லை. நன்றாகத்தான் பற்றிக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் சுடர் படுத்து, வெள்ளை வெள்ளையாகப் புகை கிளம்புகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நேற்றுப் பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு வைத்தேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். முக்கால் மணி நேரம் கிண்டியும் பாகு கம்பிப் பதத்தைத் தாண்டவில்லை. கடைசியில் கீழே சமையலறைக்குக் கொண்டுபோய்க் காஸில் முடித்தேன்.

ஃபேன் சுற்றுகிறது, கண்ணால் பார்த்தேன். சாம்பலையும் தட்டிவிட்டேன். விற்றவர் போன் எடுப்பதில்லை. கார்த்திகைக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. நாற்பது வீட்டுக்குப் பொரி உருண்டையும் அப்பமும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கைமீட்டர்:

அக்கா, முதலில் ஒன்று. மழை என்று அடுப்பைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடாதீர்கள். இப்படி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ஆளையே சாய்த்துவிடும். ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்பி இருக்க முடியாது. வேலை முடிந்து உள்ளே கங்கு கனிந்துகொண்டிருந்தாலும் அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும். படுத்த அடுப்பைக் கிளப்ப மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது, சூட்டில் அது ஆவியாகி முகத்துக்கு நேராகப் பிடிக்கும்.

இனி அடுப்புக்கு வருவோம். பெல்லட் சூடானதும் அதிலிருந்து வாயு பிரியும். கீழே இருக்கும் துளைகளின் காற்று அந்த வாயுவை உண்டாக்குகிறது, மேலே வாய்க்குக் கீழே வரிசையாக இருக்கும் துளைகளின் காற்று அதை எரிக்கிறது. காற்று குறைந்தால் வாயு எரியாமலே வெளியேறும். நீங்கள் பார்க்கிற வெள்ளைப் புகை அதுதான். ஃபேன் சுற்றுவதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் காற்று உள்ளே போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். மழையில் அடாப்டர் எங்கே இருந்தது? பெல்லட் மூட்டை எங்கே இருந்தது?

மாடிச்சமையல்:

தம்பி, அடாப்டர் கூரைக்கு அடியில் சுவரில் மாட்டியிருக்கிறது, சாரல் அடிக்கும் இடம்தான். மூட்டை தரையில் இருந்தது, மேலே தார்ப்பாய் மூடியிருந்தேன். வேர்க்கடலைத் தோலும் மரத்தூளும் கலந்த பெல்லட்.

விறகுமண்டி:

அம்மா, தார்ப்பாய் மேலே வருகிற மழையைத் தடுத்திருக்கும். தளத்திலிருந்து ஏறிய ஈரத்தை அது என்ன செய்யும்? ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்றே ஈரத்துணி மாதிரிதான். பெல்லட் என்பது பசை போடாமல் அழுத்தத்தில் இறுக்கிய தூள், தண்ணீரைக் கண்டால் பழையபடி தூளாகிவிடும்.

மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுங்கள். ஒன்றை இரண்டு விரலால் ஒடியுங்கள். நல்ல பெல்லட் ‘டக்’கென்று ஒடியும், மேல்தோல் பளபளப்பாக இருக்கும். ஈரம் ஏறியது மங்கலாக, கொஞ்சம் ஊதிப் பருத்து, அழுத்தினால் உதிரும். ஈரம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால்தான் இந்த அடுப்பு ஒழுங்காக எரியும். அதைவிடப் பெரிய தொல்லை உதிர்ந்த தூள். பெல்லட்டுக்கு நடுவே காற்று போகிற இடைவெளியை எல்லாம் அது அடைத்துவிடும். ரவை சலிக்கிற சல்லடையைவிடப் பெரிய கண் உள்ளதில் சலித்துவிட்டுப் போடுங்கள். உதிர்ந்ததை வெயிலில் காயவைத்துப் பயனில்லை, அது மறுபடி பெல்லட் ஆகாது.

மாடிச்சமையல்:

ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது. மேலே இருந்தவை டக்கென்று ஒடிந்தன. அடியில் இருந்ததைக் கையில் எடுத்ததும் பிட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. ஏறக்குறைய கால் மூட்டை போயிற்று. நல்லதை மட்டும் சலித்துப் போட்டுப் பற்றவைத்தேன். புகை பாதிக்குமேல் குறைந்தது. ஆனால் இருபது நிமிடத்தில் மறுபடியும் சுடர் இறங்கிவிட்டது. திருகை முழுசாகத் திருப்பியும் ஏறவில்லை.

கைமீட்டர்:

ஒரு கோளாறு பிடிபட்டது, இன்னொன்று இருக்கிறது. அடாப்டரைப் பார்ப்போம். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு ஃபேன் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். அடாப்டர் வயர் வந்து சேரும் இரண்டு முனைகள் தெரியும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு அளந்து பாருங்கள். ஃபேனைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்டுப்போன அடாப்டரும் 12 காட்டும், அதை நம்ப வேண்டாம். சுமை ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டிலும் ஈரத்திலும் பழுதாகிவிட்டால் அப்படித்தான் ஆகும்.

மடிப்பாக்கம் பாட்டி:

டொரண்டோவில் என் மகள் வீட்டில் குளிருக்குப் பெல்லட் ஹீட்டர் வைத்திருக்கிறாள். அது வேறு சாதனம். திருகாணி சுழன்று பெல்லட்டைத் தள்ளும், தானாகவே பற்றிக்கொள்ளும், புகை குழாய் வழியாக வெளியே போகும். ஒரு குளிர்காலத்தில் அது பற்றிக்கொள்ளவே மாட்டேன் என்றது. காற்றழுத்தம் பார்க்கிற சின்ன சுவிட்சுக்குப் போகும் ரப்பர்க் குழாயில் சாம்பல் அடைத்திருந்ததாம். குழாயைச் சுத்தம் செய்ததும் எரிந்தது. அதனால் சொல்கிறேன் கண்ணு, காற்று போகிற வழி ஒன்றையும் விடாமல் பார்.

மாடிச்சமையல்:

நன்றி அம்மா, அதையும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் மீட்டர் கொண்டுவந்தான். ஃபேன் இல்லாமல் 12.2. ஃபேன் ஓடும்போது 7.4, அப்படியே இறங்கி ஐந்து நிமிடத்தில் 6.8. தொட்டால் அடாப்டர் கை வைக்க முடியாத சூடு.

கைமீட்டர்:

அடாப்டர்தான். ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் ஃபேன் நல்லதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பைக் பேட்டரியும் 12 வோல்ட்தான். சிவப்பு வயர் பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில், மாற்றிக் கொடுத்தால் ஃபேன் கெட்டுப்போகலாம். இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசவே கூடாது. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், எங்கள் பகுதியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது பைக் பேட்டரியில்தான் இதே மாதிரி அடுப்பை ஓட்டி மாடி வீட்டாருக்கும் சேர்த்துச் சோறு வடித்தோம்.

மாடிச்சமையல்:

பேட்டரியில் கொடுத்ததும் ஃபேன் சீறியது. இந்தச் சத்தத்தைக் கேட்டே எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால் எனக்குத் தெரியவே இல்லை. அடுப்பும் எரிந்தது. ஆனால் சுடர் ஒரு பக்கம்தான் உயரமாக நிற்கிறது, எதிர்ப்பக்கம் முக்கால்வாசி இல்லை. பாத்திரத்தின் அடியில் ஒரு ஓரம் மட்டும் கருகுகிறது.

விறகுமண்டி:

மேல் வரிசைத் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுடர் இல்லையோ அங்கே அடைப்பு இருக்கும். அடியில் சல்லடைத் தட்டையும் வெளியே எடுங்கள். கடலைத் தோலில் சாம்பல் கூட. அதிலும் மண் கலந்திருந்தால் சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், தட்டினால் விழாது. உமி பெல்லட்டில் இன்னும் மோசம், சாம்பலே ஐந்தில் ஒரு பங்கு வரை போகும்.

மாடிச்சமையல்:

ஐயா, டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் வரிசையில் 24 துளை. அதில் 9 அடைத்திருக்கிறது, எல்லாம் ஒரே பக்கம். சாம்பல்தான் என்று சுரண்டினேன், கறுப்பாகப் பளபளவென்று வந்தது. வெல்லம்! தீபாவளிக்கு அதிரசப் பாகு பொங்கி வழிந்தது நினைவிருக்கிறது. வெளியே துடைத்தேன், உள்ளே வழிந்ததைப் பார்க்கவில்லை. அது கரியாகித் துளையை மூடிவிட்டது. சைக்கிள் கம்பியை நுழைத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடித்தட்டில் உள்ளங்கை அளவு ஒரு கட்டி. திருப்புளியால் நெம்பியதும் ஒரே துண்டாக வந்தது.

அடாப்டர் எங்கே வாங்கலாம்?

கைமீட்டர்:

ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பழைய அடாப்டரையும் கையில் எடுத்துப் போங்கள், பின்னின் அளவு பொருந்த வேண்டும். அதில் 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 2 ஆம்பியர் வாங்குங்கள். ஃபேன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும், அடாப்டர் திணறாமல் இருக்கும். வோல்ட் மட்டும் அதே 12 இருக்க வேண்டும்.

இன்னொன்று, சமையல் முடிந்ததும் ஃபேனை உடனே அணைக்காதீர்கள். கங்கு முழுசாக அடங்கும்வரை குறைந்த வேகத்தில் ஓடட்டும். இல்லாவிட்டால் அடுப்புச் சூடு திரும்பி ஃபேனுக்கு ஏறும், பிளாஸ்டிக் இறக்கை வளைந்துவிடும்.

மாடிச்சமையல்:

புது அடாப்டர் மாட்டியாயிற்று. ஃபேன் ஓடும்போது 12.1, அரை மணி கழித்தும் 12.1. சலித்த பெல்லட் ஒன்றரை கிலோ போட்டேன். சுடர் சுற்றிலும் ஒரே உயரம். ஐந்து லிட்டர் தண்ணீர் பதினொரு நிமிடத்தில் கொதித்தது. பிறகு பாகு வைத்தேன். தட்டில் போட்டதும் ‘டங்’. கீழே ஹாலில் இருந்த என் மாமியாருக்கே கேட்டதாம். தம்பிக்கும் ஐயாவுக்கும் மடிப்பாக்கம் அம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மீதிப் பெல்லட்டை எதில் போட்டு வைப்பது?

விறகுமண்டி:

மூடி இறுகப் பூட்டுகிற நீல பிளாஸ்டிக் டிரம். கீழே இரண்டு செங்கல் வைத்து மேலே பலகை போட்டு, அதன்மேல் டிரம். அடாப்டரையும் சுவரின் சாரல் படாத பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். பாகு வைக்கிற நாளில் அடுப்பைவிட ஒரு சுற்றுப் பெரிய உருளியாக எடுங்கள், பொங்கினாலும் வெளியேதான் வழியும்.