அழுத்தி உருவினால் அம்மாவின் தோள்வலி கூடுகிறது: கைமுறை சிகிச்சையைத் தொடரலாமா?

தோ பாயோ மகள்:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி உணவகக் கடையில் பல ஆண்டுகள் பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கிய என் அம்மாவுக்கு வயது 58. வலது தோளில் இரண்டு ஆண்டுகளாக வலி. எம்ஆர்ஐ படத்தில் தசைநாரில் சிறு கிழிசல் தெரிவதாகவும், அறுவை தேவையில்லை என்றும் மருத்துவர் கூறினார். இப்போது வலி கழுத்துக்கும் முழங்கைக்கும் பரவிவிட்டது. ரவிக்கையின் கை உரசினாலே துடித்துப்போகிறார். சென்ற மாதம் உருவிவிடும் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். வலித்தால்தான் குணமாகும் என்று சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தினார். அதன்பின் மூன்று இரவுகள் அம்மா உறங்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் இயன்முறை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கும் கையால்தான் செய்வார்கள் என்று அஞ்சி வர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

இயன்முறை சிகிச்சையாளர்:
வணக்கம் சகோதரி. தங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. எனவே பொதுவாகவே சொல்கிறேன். வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும்போது சிலருக்குத் தண்டுவடமும் மூளையும் வலிச் சமிக்ஞைகளைப் பெருக்கிக் காட்டத் தொடங்குகின்றன. மென்மையான தொடுகையும் வலிப்பது, வலி முதல் இடத்தைத் தாண்டிப் பரவுவது, உறக்கம் கெடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். இது கற்பனை வலி அன்று. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2017இல் இத்தகைய வலிக்கெனத் தனிச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. படத்தில் தெரிந்த கிழிசலை மட்டும் காரணமாகக் கொள்ள வேண்டாம். தோள்வலியே இல்லாத நடுத்தர வயதினர் பலருக்கும் அவ்வாறு தெரிவதுண்டு.

இந்நிலையில் ஆழமாக அழுத்துவது, ஏற்கெனவே விழித்திருக்கும் நரம்புகளை மேலும் உசுப்பிவிடும். ஆனால் கைமுறை சிகிச்சை என்பது அழுத்துவது மட்டுமன்று. ஆஸ்திரேலிய இயன்முறை சிகிச்சையாளர் மெய்ட்லண்ட் வகுத்த முறையில் மூட்டசைவுகளுக்குப் படிநிலைகள் உண்டு. முதற்படி, மூட்டு இறுகும் எல்லைக்கு வெகுமுன்பே நின்றுவிடும் மிகச் சிறிய அசைவு. நியூசிலாந்து இயன்முறை சிகிச்சையாளர் மல்லிகன் வகுத்த முறையில், சிகிச்சையாளர் மூட்டை மெல்லத் தாங்கிப் பிடிக்க நோயாளியே கையைத் தூக்குவார். வலித்தால் அந்த அசைவை மாற்ற வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும் என்பது அதன் விதி. இவற்றால் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே. அந்த இடைவெளியில் அம்மா தாமே கையை அசைத்துப் பழகுவதுதான் நீடித்த பயன் தரும். நீரிழிவு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தோள் இறுகிப்போவது நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம். காய்ச்சல், கை மரத்துப்போதல், காரணமின்றி எடை குறைதல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிடோக் வாசகர்:
எனக்கும் இதே நிலை இருந்தது. முதல் இரண்டு சந்திப்புகளில் சிகிச்சையாளர் என் தோளைத் தொடவே இல்லை; எது வலிக்கிறது, எப்போது உறங்குகிறேன் என்று கேட்டு, மேசைமேல் துணியை விரித்து அதைக் கையால் முன்னோக்கித் தள்ளச் சொன்னார். ஏமாற்றமாக இருந்தது. ஆனால் நான்காம் மாதத்தில் மேல் அலமாரியிலிருந்து சம்படம் எடுக்க முடிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவை அழைத்துச் செல்லுங்கள், சகோதரி; தொடவேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

தோ பாயோ மகள்:
இருவருக்கும் நன்றி. இதைப் படித்துக் காட்டினேன், "நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா?" என்று அம்மா கேட்டார். பயிற்சியின்போது எவ்வளவு வலி வரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

இயன்முறை சிகிச்சையாளர்:
நிறுத்துவார்கள்; நிறுத்த வேண்டியது எங்கள் கடமை. பயிற்சியின்போது சற்றே வலி கூடி, அன்றைக்கே அடங்கினால் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் பயிற்சியைக் கைவிட வேண்டாம். எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். உருவிவிட்ட அன்று நடந்ததை முதல் சந்திப்பிலேயே அம்மா தம் வாயால் சொல்லட்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால் நீங்கள் உடனிருந்து மொழிபெயர்த்து உதவுங்கள்.