கொப்சிகஸ் சௌலாரிஸ்: தமிழில் எப்படிப் பதிவது?

அன்புடையீர்,

குண்டுகரிச்சானின் அறிவியல் பெயர் கொப்சிகஸ் சௌலாரிஸ். அதில் கொப்சிகஸ் பேரினப் பெயர்; சௌலாரிஸ் இனத்தைச் சுட்டும் அடைமொழி. அந்த அடைமொழியை ‘நூறுபாட்டான்’ என்று மொழிபெயர்த்துப் பதியலாம் என்ற பரிந்துரையை ஏற்க வேண்டாம். சௌலாரிஸ் லத்தீன் வேரில் பிறந்த சொல் அல்ல. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி, ஓர் ஆண்பறவையை ‘சௌலாரி’ என்ற உள்ளூர்ப் பெயரோடு லண்டனில் இருந்த இயற்கையியலாளர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரேயின் பறவை நூல் 1713இல் அச்சானபோது பெட்டிவரின் குறிப்பும் அதில் இடம்பெற்றது. 1758இல், இருசொல் அறிவியல் பெயர்முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் லத்தீன் விகுதி சேர்த்து, கிராகுலா என்ற பேரினத்தில் வைத்து ‘கிராகுலா சௌலாரிஸ்’ ஆக்கினார்.

பொருள் பற்றிய குழப்பமெல்லாம் பிறகு வந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ‘டயல் பறவை’ என்றும் பெயர்; அது இந்துஸ்தானி ‘தஹியல்’ என்பதன் திரிபு. லின்னேயஸ் அந்த ‘டயலை’ச் சூரியக் கடிகாரம் என்று எண்ணி, சூரியனைக் குறிக்கும் ‘சோலாரிஸ்’ என எழுத நினைத்துக் கைதவறிவிட்டார் என்று பறவையியலாளர் ஜெர்டன் ஊகித்தார். இன்னொரு பறவையியலாளரான பிளைத் அதை மறுத்து, சௌலாரி என்பது ‘நூறு பாட்டு’ என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல் என்றார். ஆனால் பறவையோடு போனது சென்னையில் வழங்கிய பெயர். பொருள் உறுதிப்படாத அடைமொழியை மொழிபெயர்த்தால் ஒருவருடைய ஊகம் நம் கலைச்சொல்லாக நிலைத்துவிடும். ‘சௌலாரி’ என்றே எழுதுவோம்.

பேரினப் பெயரில் அந்தச் சிக்கல் இல்லை. 1827இல் கொப்சிகஸ் பேரினத்தை நிறுவிய வாக்லர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல் ‘கொப்சிகோஸ்’ ஒரு கரும்பறவையைக் குறிக்கும். நிறத்தால் பெயரிட்ட நம் ‘கரிச்சான்’ அருமையாகப் பொருந்துகிறது.

---

மேலே உள்ள மடலுக்கு என் மறுமொழி: சௌலாரிக்கு உடன்படுகிறேன். ஆனால் பேரினத்துக்கு வெறும் ‘கரிச்சான்’ மட்டும் கூடாது. நம் ஊர்களில் இரட்டைவால் குருவியையும் கரிச்சான் என்றே சொல்கிறார்கள். அது டைக்ரூரஸ் பேரினம், குடும்பமே வேறு. டைக்ரூரஸ் என்றால் கிரேக்கத்தில் கவைவால். ஆகவே அந்தப் பேரினத்துக்கு ‘இரட்டைவாலன்’, கொப்சிகசுக்குக் ‘குண்டுகரிச்சான்’ என்று பிரித்துவிட்டால் மோதல் தீரும்.

சொல்வரிசையையும் கவனிக்க வேண்டும். லத்தீனில் பேரினம் முன்னால், அடைமொழி பின்னால். தமிழில் அது தலைகீழாகி ‘சௌலாரிக் குண்டுகரிச்சான்’ என்று வரும். அகரவரிசையில் அப்படியே போட்டால் ஒரே பேரினத்துப் பறவைகள் ச, ம என்று சிதறிவிடும். பேரினத்தைத் தலைச்சொல்லாக்கி, ‘குண்டுகரிச்சான், சௌலாரி’, ‘குண்டுகரிச்சான், மலபார்’ என்று பதியலாம். இரண்டாவது, நாம் சோலைபாடி என்று அழைக்கும் பறவை. அந்த அழகான வழக்குப் பெயரை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது; தனிப் பத்தியில் வைப்போம்.

இதே பேரினத்தைச் சேர்ந்த கருஞ்சிட்டைப் பதியும்போது விகுதியில் பிழை வரும். லத்தீனில் அடைமொழியின் விகுதி பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப மாறும்: லின்னேயஸ் பெண்பாலான மோட்டாசில்லா பேரினத்தில் வைத்தபோது ‘புலிகாட்டா’; ஆண்பாலான கொப்சிகசுக்கு வந்தபின் ‘புலிகாட்டஸ்’. பழைய நூல்களில் தேடுகிறவர்களுக்காக இரண்டு வடிவமும் வேண்டும். சௌலாரிஸ் இரு பாலுக்கும் பொது விகுதி என்பதால் கிராகுலாவிலிருந்து மாறியபோதும் திரியவில்லை.