கைவிடப்பட்ட மட்டக்குதிரைக்கு முதல் வாரம் என்ன தீனி கொடுப்பது?

கேள்வி (உதகைவாசி):
அனைவருக்கும் வணக்கம். உதகையில் சந்தைக்குப் பின்புறம் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டக்குதிரையை நேற்று மாலை எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்து வந்தோம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த குதிரை என்றும், நொண்டத் தொடங்கியதும் உரிமையாளர் அவிழ்த்து விட்டுவிட்டார் என்றும் அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணிவிடலாம். வலது முன்னங்கால் குளம்பு வளர்ந்து படகின் மூக்கைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கிறது; சேணம் உராய்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இரவு ஒரு கிலோ கொள்ளை வேகவைத்து, வெல்லம் கலந்து வைத்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு வாளியை நக்கிக்கொண்டே நின்றது. இதையே நாளைக்கு இரண்டு வேளை கொடுக்கலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்):
அம்மா, கொள்ளையும் வெல்லத்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பசித்த உயிருக்கு வயிறாரப் போட வேண்டும் என்று கை பரபரப்பது இயல்புதான். ஆனால் பட்டினி கிடந்த குதிரைகளில் பல, பட்டினியைத் தாங்கிய பிறகு தீனியால் இறக்கின்றன. நெடுநாள் உணவில்லாத உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பரசையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் தள்ளிவிடும். அவை குறைந்ததும் இதயமும் மூச்சுத் தசைகளும் தளரும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், தேறி வருகிறது என்று நாம் நிம்மதி கொள்ளும் வேளையில்தான் இது நேர்கிறது.

உலர்ந்த குதிரை மசால் (லூசர்ன் எனும் தீவனப் பயிர்) கொடுங்கள். அதில் மாவுச்சத்து குறைவு. புரதமும் தாதுக்களும் அதிகம். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு முதல் மூன்று நாட்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ போதும், இரவிலும் விடாமல் வைக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டி, வேளைகளைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்து நாட்களுக்குப் பிறகு தின்னும் மட்டும் தின்ன விடலாம். உங்களுடையது மட்டக்குதிரை, எடைக்கு ஏற்றபடி குறையுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை தெரியும். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். குடற்புழு மருந்தை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்; மருத்துவர் சாணத்தைப் பரிசோதித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

மறுமொழி (குதிரை வளர்ப்பவர், கொடைக்கானல்):
ஐயா சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் பின்பற்றுங்கள். நான் முதலில் எடுத்து வந்த குதிரைக்கு நான்கு நாட்கள் கொள்ளும் தவிடும் கைநிறையப் போட்டேன். ஐந்தாம் நாள் விடியலில் அது கால்களை நீட்டிப் படுத்திருந்தது, பிறகு எழவே இல்லை. அதன் வாயோரத்தில் ஒட்டியிருந்த தவிட்டை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

தீவனக் கடையில் வெறுமனே ‘மசால்’ என்று கேட்காதீர்கள். வேலி மசாலும் முயல் மசாலும் வேறு செடிகள். குதிரை மசால் என்றே சொல்லி வாங்குங்கள். வளைந்த குளம்பை ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யச் சொல்ல வேண்டாம். தசைநார்கள் அந்தக் கோணலுக்குப் பழகியிருக்கும் என்பதால், அனுபவமுள்ள லாடக்காரரைக் கொண்டு சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். புண்ணை உப்பு நீரால் கழுவுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) குதிரைகளை எளிதில் பிடிக்கும். அதற்கான ஊசியை இன்றே போடச் சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பே இல்லாத குதிரைக்கு உங்கள் ஊர்க் குளிர் பெரும் சோதனை, ஆகவே தடிமனான வைக்கோல் படுக்கையும் மேலே ஒரு கம்பளியும் வேண்டும்.

உதகைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. சுற்றளவு 140, நீளம் 130. கணக்குப்படி ஏறத்தாழ 214 கிலோ வருகிறது. வேளைக்குக் கால் கிலோ வைக்கத் தொடங்கிவிட்டேன். காலையில் போட்ட சாணத்தில் பால் பாக்கெட்டின் நீலத் துண்டு ஒன்று இருந்தது. பயமாக இருக்கிறது. உரிமையாளர் திரும்பி வந்து கேட்டால் என்ன செய்வது?

மறுமொழி (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்):
குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய நெகிழி குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே சாணம் விழுகிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். விலாப்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, முன்னங்காலால் தரையைக் கீறினாலோ, புரண்டாலோ அது வயிற்றுவலி. தீனியை எடுத்துவிட்டு, எந்த நேரமானாலும் மருத்துவரை அழையுங்கள். மூக்கில் கெட்டியான சளியோ தோலில் முடிச்சுகளோ தெரிந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய். அரசுக் கால்நடை மருத்துவர் இரத்த மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவார். அதுவரை மற்ற கால்நடைகளோடு சேர்க்க வேண்டாம்.

உரிமையாளர் குறித்து: பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் போகாது என்பது வேதனைதான்; ஆனாலும் புகார் பதிவானால், வழக்கு நடக்கும்போது குதிரையைப் பராமரிப்பில் வைத்திருக்க நீதித்துறை நடுவரிடம் உத்தரவு கேட்க வழி பிறக்கும். இன்றைய தேதியோடு நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, மருத்துவரிடம் எழுத்தில் சான்று வாங்கி, இரண்டையும் புகாரோடு காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். இரவு வேளைத் தீனியைத் தவற விடாதீர்கள்.