வேலிக்கால் அடிக்க எந்தக் கருவி? அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தோட்டத்தைச் சுற்றி வேலி போடப் போகிறேன். நீளப் பக்கம் முழுக்க 'டி' வடிவ இரும்புக் கால், மூலைகளிலும் கேட் பக்கத்திலும் மரக்கால். மண் பாதி செம்மண், பாதி களி, ஒரு மூலை மட்டும் சரளை. கையால் அடிக்கலாமா, பெட்ரோல் இயந்திரம் வாங்கலாமா, டிராக்டரை வாடகைக்கு எடுக்கலாமா என்று குழப்பம். விளம்பரத்தில் எல்லாமே வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது. நிஜத்தில் எப்படி?

*

சம்மட்டியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கொஞ்சம் சறுக்கினாலும் இரும்புக் காலின் தலை மடங்கும், மரக்காலின் தலை பிளக்கும். கீழே காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பாடு அதைவிட மோசம்.

நான் வைத்திருப்பது ஒரு முனை மூடிய கனமான இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் கைப்பிடி. போஸ்ட் டிரைவர் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். காலின் தலைமேல் கவிழ்த்து, தூக்கித் தூக்கி விட வேண்டியதுதான். கனமானது சீக்கிரம் இறக்கும் என்று நம்பிப் பலர் 15 கிலோவில் வாங்குகிறார்கள். காலையில் அது உண்மைதான். மதியத்துக்கு மேல் அதைப் பாதி உயரத்துக்குத்தான் தூக்க முடியும், அப்புறம் அந்தக் கனத்தால் என்ன பயன்? 8, 9 கிலோ இருந்தால் நாள் முழுக்க ஒரே சீராக அடிக்கலாம். கீழே இழுத்து அடிக்கவும் வேண்டாம். எடை தானாக விழட்டும், தோள்பட்டை தப்பிக்கும்.

வாங்கும்போது எடையைவிடக் குழாயின் நீளத்தைப் பாருங்கள். குட்டையான குழாயை வேகத்தில் தூக்கும்போது அதன் வாய் காலின் தலையைத் தாண்டி மேலே வந்துவிடும். இறங்கும்போது விளிம்பு இடித்துச் சாய்ந்து அடிப்பவர் தலைக்கே வரும். எங்களோடு வேலை செய்த ஒருவர் ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பினார். உள்விட்டமும் முக்கியம். ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அடியும் ஓரத்தில் விழுந்து கால் சாயும்.

*

மேலே சொன்னது சின்ன வேலிக்குச் சரி அண்ணா. வேலி நீளம் என்றால் எனக்குப் பெட்ரோல் இயந்திரம்தான். சின்ன 4-ஸ்ட்ரோக் இன்ஜின், தலையில் மாட்டி விசையை அழுத்தினால் தடதடவென்று அடித்துக்கொண்டே இறங்கும். செம்மண்ணில் கையால் அடிப்பதோடு ஒப்பிடவே முடியாது.

ஆனால் விற்பவர் சொல்லாத விஷயம், அதை மேலே ஏற்றுவது. பல மாடல்கள் 15 கிலோவுக்கு மேல். 7 அடிக் காலின் தலையில் அதை மாட்ட ஏணியில் ஏறினால் ஆபத்து. இன்ஜினை அணைத்துவிட்டு, காலைத் தரையில் படுக்கவைத்து, தலையில் இயந்திரத்தை மாட்டி, இரண்டு பேராக நிமிர்த்துங்கள். அதிர்வில் விரல்கள் மரத்துப்போகும், ஆகவே ஆள் மாற்றி ஆள் பிடியுங்கள். காதுக்கு மூடி கட்டாயம்.

சரளையில் இதை நம்ப வேண்டாம். கல்லில் முட்டினால் இறங்காமல் அங்கேயே நின்று அதிரும். பிடிவாதமாக அழுத்தினால் கால்தான் வளையும்.

*

கல்லுக்கால், கான்கிரீட் கால் வைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: அவற்றுக்கு இந்தக் கருவி எதுவும் ஆகாது. உடையும். குழி தோண்டித்தான் நடவேண்டும்.

*

மரக்கால் பற்றி. மூலைக்கால்தான் கம்பியின் மொத்த இழுவையையும் தாங்குகிறது, அதனால் அங்கே மட்டுமாவது டிராக்டர் பின்னால் மாட்டும் ஹைட்ராலிக் டிரைவரை எடுங்கள். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புச் சுத்தி மேலே போய் விழும். குழி தோண்டி நட்டால் கலைத்த மண்ணைத் திரும்பப் போட்டு இடிக்க வேண்டும், எவ்வளவு இடித்தாலும் பழைய இறுக்கம் வராது. அடித்து இறக்கினால் மண் விலகி, பக்கவாட்டில் நெருங்கி, காலைப் பிடித்துக்கொள்கிறது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகட்டும், மூலையில் இன்னும் கொஞ்சம்.

சுத்தி மேலே இருக்கும்போது காலின் தலைக்குப் பக்கத்தில் யாருடைய கையும் போகக்கூடாது. "கொஞ்சம் நேராக்கிடுறேன்" என்று கை நீட்டுகிற ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை வேறு வேலைக்கு அனுப்புங்கள். அடிக்கும் முன் அடியில் குழாயோ மின்கேபிளோ போகிறதா, மேலே மின்கம்பி இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். டிரைவரின் கோபுரம் நினைப்பதைவிட உயரம்.

எக்ஸ்கவேட்டர் பக்கெட்டால் அமுக்கி இறக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேகமாகத்தான் இருக்கும், ஆனால் பக்கெட் காலின் தலையில் நிற்காமல் வழுக்கும், கால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு உடன்பாடு இல்லை.

*

கருவியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், பாதி வேலை ஈரத்தில் இருக்கிறது. காய்ந்த களியில் எந்த டிரைவரும் திணறும். மழை பெய்து மேலே சேறு வடிந்த பிறகு அதே களியில் கைக்கருவியே போதும். சொதசொதவென்று இருக்கும்போது மட்டும் அடிக்காதீர்கள், காய்ந்ததும் மண் சுருங்கிக் காலைச் சுற்றி இடைவெளி விழும்.

*

கேட்டவன் நான்தான். அப்படியானால் நீளப் பக்கத்துக்குப் பெட்ரோல், மூலைக்கு டிராக்டர். சரளை மூலைக்கு?

*

அங்கே முதலில் கடப்பாரையால் காலைவிட மெல்லிய வழித்துளை போட்டுவிட்டு, அப்புறம் டிரைவரை வையுங்கள். துளை பெரிதானால் கால் ஆடும். முதல் ஓர் அடி ஆழம் இறங்கும்வரை ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டே அடியுங்கள், அதற்கு மேல் திருத்த முயன்றால் வளைவதுதான் மிச்சம். வாடகை பேசுவதற்கு முன்பே அந்த மூலையில் ஓர் இரும்புக் காலை அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று இடம் மாற்றியும் முட்டினால் டிராக்டரில் மாட்டும் அந்தக் கருவியோடு பாறைத்துளை போடும் முனையும் வருமா என்று கேட்டுவிட்டே தேதி குறியுங்கள். எல்லோரிடமும் அது இருப்பதில்லை.